செம்பியன் மாதேவி: ஒரு பட்டத்தின் பொருளும் வரலாறும்



சோழ நாட்டுச் சிவாலயங்களில் பிரதட்சிணமாக வரும்போது, கருவறையின் புறச்சுவரிலும் அதற்குக் கீழேயுள்ள குமுதத்திலும் ஜகதியிலும் வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கும் சாசனங்களைப் பொறுமையோடு படிக்கப் பழகிக்கொண்டவர்கள், அவற்றில் அரசர்களுக்கு அடுத்தபடியாக அடிக்கடி வந்து நிற்பவர்கள் அரசமாதேவியர் என்பதை விரைவில் கண்டுகொள்வார்கள். வானவன் மாதேவி, பஞ்சவன் மாதேவி, தென்னவன் மாதேவி, உலோகமாதேவி, திரிபுவன மாதேவி, செம்பியன் மாதேவி என்று அந்த வரிசை நீண்டுகொண்டே போகிறது. இவற்றையெல்லாம் நாம் அந்த அம்மையார்களின் பெயர்கள் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். தாயும் தந்தையும் தொட்டிலிலிட்டு அழைத்த பெயர்கள் அல்ல இவை; அரச குலம் சூட்டிய பட்டங்கள். இவற்றுள் செம்பியன் மாதேவி என்னும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் சொற்பொருள் யாது, அது எவ்வாறு பிறந்தது, அதைத் தாங்கிய மாதரசி அதற்கு என்ன பொருளைத் தேடித் தந்தார் என்பவற்றை இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகிறேன். பட்டத்தை வழங்குவது குலம். அந்தப் பட்டத்துக்கு உயிர் வழங்குவது அதைத் தாங்கியவரின் வாழ்க்கை. இதுவே நான் இன்று நிலைநாட்ட விரும்பும் கருத்து.

முதலில் ‘செம்பியன்’ என்ற சொல்லைப் பார்ப்போம். சோழ மன்னர்களுக்கு வழங்கிவந்த குலப்பெயர்களில் கிள்ளி, வளவன், சென்னி என்பவற்றோடு செம்பியன் என்பதும் ஒன்று. பருந்துக்கு அஞ்சித் தன்னிடம் அடைக்கலம் புகுந்த புறாவைக் காப்பதற்காகத் தன் உடலின் தசையையே அறுத்துத் தராசில் இட்ட சிபிச் சக்கரவர்த்தியின் வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது சோழர்களின் தொன்மையான ஐதிகம். சங்கப் புலவர்கள் சோழனைப் பாடும்போது இக்கதையை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பிற்காலச் சோழர்களின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் சிபியைச் சோழ வமிசத்தின் முன்னோர் வரிசையிலே வைத்துப் போற்றுகின்றன. சிபியின் மரபினன் ஆதலால் செம்பியன் என்பது அறிஞர் பலர் கொண்ட விளக்கம். ஆகவே இந்தச் சொல் ஓர் அரசனை மட்டும் சுட்டுவதன்று. அடைக்கலம் புகுந்தோரைக் காத்தல் எங்கள் குலதர்மம் என்று ஒரு வமிசம் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தையும் சேர்த்தே அது சுமந்துவருகிறது.

சோழ மன்னர்கள் தங்களுக்கு உற்றவர்களைக் கௌரவிக்க விரும்பியபோதும் இந்தச் சொல்லையே எடுத்துக் கொடுத்தார்கள். முதற் பராந்தக சோழர் கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதிக்குச் ‘செம்பியன் மாவலி வாணராயன்’ என்னும் பட்டத்தை அளித்தார்; அதிகாரிகளும் சிற்றரசர்களும் செம்பியன் என்ற முன்னொட்டுடன் பட்டங்களைத் தாங்கினார்கள். அரசர் தம் குலப்பெயரில் ஒரு பங்கை மற்றொருவருக்கு அளித்தார் என்றால், அவரைத் தம் குலத்தின் புகழிலே பங்காளியாக ஏற்றுக்கொண்டார் என்பதே அதன் தாத்பரியம்.

இனி ‘மாதேவி’ என்பது. மகாதேவி என்னும் வடசொல்லே தமிழில் மாதேவி என நின்றது. தேவி என்ற சொல் அரசன் மனைவியைக் குறிக்கும் வழக்கு பாரத தேசத்தில் மிகப் பழமையானது. அசோகச் சக்கரவர்த்தியின் சாசனங்களுள் ஒன்று அவருடைய இரண்டாவது தேவியான காருவாகியின் தானங்களைப் பற்றிப் பேசுகிறது. நாசிக்கிலுள்ள குகைச் சாசனம் சாதவாகன அரசமாதாவான கௌதமி பாலஸ்ரீயை மகாதேவி என்று அழைக்கிறது. சமுத்திரகுப்தரின் அலகாபாத் ஸ்தம்பம், மகாதேவி குமாரதேவியின் வயிற்றில் உதித்தவர் என்று அவரைப் பெருமையோடு அறிமுகம் செய்கிறது. அபிஷேகம் பெற்ற அரசியே தேவி, ஏனைய அரசியர் ‘பட்டினீ’ எனப்படுவர் என்று வேறுபடுத்திக் கூறுகிறது அமரகோசம் என்னும் வடமொழி நிகண்டு. ஆக, நூல் வழக்கின்படி தேவி என்பது முடிசூட்டு விழாவோடு சேர்ந்து வரும் ஓர் உரிமை. அரசனோடு சிம்மாசனத்தில் அமர்ந்து அபிஷேக நீரைத் தலையில் ஏற்றவளுக்கே அது உரியது.

தமிழுக்கு இந்தத் துறையில் சொந்தச் சொற்கள் இல்லாமல் இல்லை. பூதப்பாண்டியனின் மனைவியாகிய புலமைச் செல்வியைப் பெருங்கோப்பெண்டு என்றே புறநானூறு அறியும். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் அரசி கோப்பெருந்தேவி. பிரான் என்பதற்கு இணையான பிராட்டி, பெருமான் என்பதற்கு இணையான பெருமாட்டி, நம்பி என்பதற்கு இணையான நங்கை ஆகியவையும், ஆண்பெண் இருபாலார்க்கும் பொதுவாய் நின்ற அடிகள் என்பதும் சாசனங்களில் மிகுதியாக வழங்குகின்றன. சோழ அரசியரைக் கல்வெட்டுகள் ‘நம்பிராட்டியார்’ என்று சொல்லும் முறையில் அரசனுடைய குரலும் குடிமக்களுடைய குரலும் ஒன்றாகக் கலந்து ஒலிப்பதைச் செவியுள்ளவர்கள் கேட்கலாம். எனவே செம்பியன் மாதேவி என்னும் பட்டம் தமிழ்க் குலப்பெயர் ஒன்றும் வடமொழி மரியாதைச் சொல் ஒன்றும் கைகோத்துப் பிறந்த கூட்டு. சோழனின் பேரரசி என்பதே அதன் நேர்ப்பொருள். அந்த அளவில் பார்த்தால் சோழ வமிசத்தில் வாழ்க்கைப்பட்ட பட்டமகிஷி எவருக்கும் அது பொருந்தக்கூடியதுதான்.

இங்கே ஓர் ஐயம் எழும். செம்பியன் மாதேவி என்றால் சோழனின் அரசி. அப்படியானால் சேரனைக் குறிக்கும் வானவன் என்ற சொல்லையும் பாண்டியனைக் குறிக்கும் பஞ்சவன், தென்னவன் என்ற சொற்களையும் சோழர் மனைவியர் தாங்கியது எப்படி? அவர்கள் சேர குலத்திலும் பாண்டிய குலத்திலும் பிறந்தவர்கள் என்று சொல்லிவிடலாமா? சாசனங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சுந்தர சோழரின் தேவியும் முதல் இராஜராஜரின் தாயுமான வானவன் மாதேவி மலையமான் குலத்துச் செல்வி. திருக்கோவலூர்க் கல்வெட்டு இதைத் தெளிவாக்குகிறது. இராஜராஜரின் தேவியருள் ஒருவரான பஞ்சவன் மாதேவி பழுவூர்த் தொடர்புடையவர். ஆகையால் இந்தப் பட்டங்கள் பிறந்த வீட்டைச் சொல்வன அல்ல. புகுந்த வீட்டின் வல்லமையைச் சொல்வன. மும்முடிச் சோழன் என்று மன்னன் தன்னை அழைத்துக்கொண்டபோது அந்த மூன்று முடிகளின் ஒளியும் அவனுடைய தேவியரின் பட்டங்களில் வந்து பதிந்தது. வானவனும் பஞ்சவனும் தென்னவனும் சோழனே என்பதைப் பறைசாற்றும் விருதுகளாக அந்த அம்மையார்களின் பெயர்கள் விளங்கின. அரண்மனை மகளிரின் பெயர் அந்தக் காலத்தில் ஒரு ராஜ்யப் பிரகடனமாகவும் இருந்தது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இந்தப் பின்னணியில் நம் செம்பியன் மாதேவியாரிடம் வருவோம். மழவர் குலத் தலைவரான மழவரையரின் மகளாகப் பிறந்து, முதற் பராந்தகரின் மைந்தரான கண்டராதித்தருக்கு வாழ்க்கைப்பட்டு, உத்தம சோழரைப் பெற்றெடுத்தவர் இவர். கணவரோ அரசராக இருந்தும் சிவபக்தியில் தோய்ந்தவர். தில்லைப் பெருமானைப் பாடிய அவருடைய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றிருக்கிறது.

கல்வெட்டுகளில் ஒருவருக்கு இயற்பெயரும் பட்டப்பெயரும் இருக்குமானால், ‘இன்னாரான இன்னார்’ என்று இரண்டையும் இணைத்து எழுதுவது மரபு. இராஜராஜரின் பட்டமகிஷியைத் தந்திசக்தி விடங்கியாரான உலோகமாதேவியார் என்று சாசனம் குறிப்பதனால், தந்திசக்தி விடங்கி என்ற அழகிய இயற்பெயரை நாம் இன்று அறிந்திருக்கிறோம். திருவையாற்றில் அவர் எடுப்பித்த உலோகமாதேவீச்சரம் என்ற வட கயிலாயத்தில் அவருடைய பட்டமும் நிலைத்திருக்கிறது. நம் அம்மையாரையும் கல்வெட்டுகள் அதே மரபில் ‘பராந்தகன் மாதேவடிகளாரான செம்பியன் மாதேவியார்’ என்றே குறிக்கின்றன. ஆனால், உற்று நோக்குங்கள்: ‘ஆன’ என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதும் பட்டம், பின்னால் இருப்பதும் பட்டம். மழவர் வீட்டில் அந்தப் பெண் குழந்தையை எப்படி அழைத்தார்கள் என்பது இந்த வாசகத்துக்குள் இல்லை. இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தையும் மரியாதையே நிரப்பிவிட்டது. அதனால்தான் செம்பியன் மாதேவி என்ற பொதுப்பட்டம் ஒரே ஒருவரின் சொந்தப் பெயராக நம் நாவில் நிலைபெற்றிருக்கிறது.

இனி, காலவரிசையை நினைவில் கொண்டு பார்த்தால் மற்றொரு விசேஷம் புலப்படும். உய்யக்கொண்டான் திருமலையில், பராந்தகரின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 941-இல், இந்த அம்மையார் செம்பியன் மாதேவி என்ற பெயருடனேயே தானம் அளித்திருக்கிறார். அப்போது கண்டராதித்தர் அரசரல்லர். அவருடைய தமையன் இராஜாதித்தர் தக்கோலப் போர்க்களத்தில் யானை மீதிருந்தவாறே உயிர் துறந்தது 949-ஆம் ஆண்டில்தான். அதன் பின்னரே கண்டராதித்தருக்கு ஆட்சி வாய்த்தது. 957-ஐ ஒட்டி அவரும் மறைந்தார். மகன் மதுராந்தகன் சிறு பிள்ளை. ஆகவே அரியணை கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயரிடமும் அவர் மகன் சுந்தர சோழரிடமும் சென்றது. பல ஆண்டுகளுக்குப் பின்னரே அந்தப் பிள்ளை உத்தம சோழர் என்ற பெயருடன் முடிசூடினார். அவருக்குப் பின் 985-இல் இராஜராஜர் அரசேறினார். இத்தனை மாறுதல்களுக்கும் நடுவே, 1001-ஆம் ஆண்டு வரையில், ஏறத்தாழ அறுபது ஆண்டுக்காலம் அம்மையாரின் பட்டம் சாசனங்களில் சிறிதும் மாறாமல் வந்துகொண்டிருக்கிறது.

அமரகோசம் சொல்லும் இலக்கணத்தை இதனோடு ஒப்புநோக்குங்கள். அபிஷேகத்தோடு வருவது தேவி என்ற பெயர் என்றது நூல். இங்கேயோ சிம்மாசனத்துக்கு முன்பே அந்தப் பெயர் இருக்கிறது; சிம்மாசனம் பிறர் கைக்குப் போன பின்பும் இருக்கிறது. மாறுவது அந்தப் பெயருக்கு முன்னால் நிற்கும் அடைமொழிகள் மட்டுமே. மழவரையர் மகளார் என்ற நிலையிலிருந்து கண்டராதித்த தேவரின் தேவியார் என்ற நிலைக்கும், அதிலிருந்து ‘உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த பிராட்டியார்’ என்ற நிலைக்கும் அவர் வாழ்க்கை நகர்ந்த வழியை அந்த அடைமொழிகள் நமக்குக் காட்டுகின்றன. மகளாகவும் மனைவியாகவும் தாயாகவும் அவரைச் சுட்டிய சாசன எழுத்தாளர்கள், ஒவ்வொரு முறையும் முடிவில் வந்து சேர்ந்த இடம் செம்பியன் மாதேவி என்ற அந்த ஒரு பெயர்தான்.

கணவரை இழந்த ஓர் அரசமாதேவிக்கு, தம் மகனுக்கும் உடனே அரசு வாய்க்காத நிலையில், பட்டத்தின் பெருமை நாளடைவில் மங்கிப்போவதே உலக இயல்பு. அம்மையார் விஷயத்தில் அது வளர்ந்தது. செங்கல்லால் கட்டப்பட்டுச் சிதைந்து நின்ற பழம்பெரும் கோயில்களைத் தேடிச் சென்று கற்றளிகளாக மாற்றியமைத்ததே அதற்குக் காரணம். திருநல்லம் என்னும் கோனேரிராஜபுரம், திருக்கோடிகா, தென்குரங்காடுதுறை, விருத்தாசலம், திருவாரூர் அரநெறி என்று அவருடைய திருப்பணி பெற்ற தலங்கள் காவிரியின் இரு மருங்கிலும் அதற்கு வடக்கேயும் பரவிக் கிடக்கின்றன. ஆடல்வல்லானின் திருவுருவத்தைக் கருவறைப் பகுதியின் தென்புறக் கோஷ்டத்தில் அமைக்கும் வழக்கம் வேரூன்றியது இவருடைய கோயில்களில்தான் என்பது கலை வரலாற்றறிஞர்களின் துணிபு. அணிகலன்களும் பொற்பாத்திரங்களும் விளக்கெரிக்க நிவந்தங்களும் அளித்ததைச் சொல்லும் கல்வெட்டுகள் இன்னும் பல.

கோனேரிராஜபுரத்துக் கோயிலை நான் சற்று விரித்துரைக்க வேண்டும். தம் கணவரின் திருப்பெயரால் அம்மையார் எடுப்பித்த கற்றளி அது. அதன் தென்புறச் சுவரில் சிவலிங்கத்தை வழிபடும் பாவனையில் கண்டராதித்தர் செதுக்கப்பட்டிருக்கிறார். இவர் இன்னார் என்பதையும் இத்திருக்கற்றளியைச் செய்வித்தவர் இன்னார் என்பதையும் அருகிலேயே எழுத்தும் கூறுகிறது. அரசரின் வடிவத்தை அமைத்ததில் வியப்பில்லை. அதே கோயிலில் மற்றொரு வடிவமும் உண்டு. கோயிலைக் கட்டிய சாத்தன் குணபட்டன் என்ற அரசரண சேகரனுடைய வடிவம் அது. அவனுக்கு இராஜகேசரி மூவேந்த வேளான் என்னும் பட்டம் கிடைத்த செய்தியும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. பட்டத்தின் அருமையை அறிந்தவரின் திருப்பணியில், உழைத்த கைக்கும் ஒரு பட்டம் கிடைத்தது. அந்தக் கைக்குரியவனின் உருவமும் பெயரும் இறைவன் சந்நிதியில் நிலைபெற்றன. பட்டம் என்பது மேலே இருந்து கீழே ஒருமுறை வழங்கப்பட்டு நின்றுவிடுவதன்று. பெற்றவர் அதைப் பிறருக்கும் பகிர்ந்தளிக்கும்போதே அது நிறைவு பெறுகிறது என்று இதிலிருந்து நான் அறிந்துகொள்கிறேன்.

திருக்கோடிகாவிலோ இதனினும் அரிய ஒரு காரியம் நடந்திருக்கிறது. அங்கே பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளியாக்கியபோது, பல்லவர் காலத்திலிருந்து பலர் அளித்த தானங்களைச் சொல்லும் பழைய கல்வெட்டுகள் இருந்தன. அவற்றைப் புறக்கணித்திருந்தால் கேட்பார் யாரும் இல்லை. அம்மையாரின் திருப்பணியிலோ அந்தப் பழைய சாசனங்கள் புதிய சுவர்களில் மீண்டும் படியெடுத்துப் பொறிக்கப்பட்டன. ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்ற குறிப்பும் அவற்றோடு சேர்க்கப்பட்டது. என்றோ ஒரு நாள் ஒரு விளக்குக்காக நெய் கொடுத்த எளிய ஆத்மாவின் தர்மமும் அழிந்துவிடலாகாது என்று கருதிய உள்ளம் அது. எத்தனையோ பேரரசர்கள் தம் பெயரை நிலைநாட்டுவதற்காகக் கோயில் எழுப்பினார்கள். தாம் எழுப்பிய கோயிலில் தமக்கு முன்னே வந்தவர்களின் பெயர்களையும் நிலைநாட்டியவர் செம்பியன் மாதேவியார். அடைக்கலம் புகுந்ததைக் காப்பதே செம்பியர் குலதர்மம் என்று தொடக்கத்தில் சொன்னேன். மழவர் குலத்தில் பிறந்த பெண்மணி ஒருவர், பாதுகாப்பற்றுப் போகவிருந்த பழைய எழுத்துகளுக்குப் புதிய சுவரில் அடைக்கலம் தந்து, அந்தக் குலதர்மத்தைத் தமதாக்கிக்கொண்டார். செம்பியன் என்ற சொல் அவருக்கு மணத்தால் வந்தது. அதன் பொருள் இந்தக் கைங்கரியத்தால் அவருடையதாயிற்று.

இத்தகையவரை அந்தக் காலம் எவ்வாறு போற்றிற்று என்பதையும் சொல்லவேண்டும். நாகப்பட்டினத்துக்கு அருகே அவர் பெயராலேயே செம்பியன் மாதேவி என்ற ஊர் எழுந்தது; அங்கே கைலாசநாதர் கோயில் இன்றும் விளங்குகிறது. அவர் பிறந்த நட்சத்திரமான கேட்டையில் அக்கோயிலில் சிறப்பு வழிபாடு நடப்பதற்கு உத்தம சோழர் காலத்திலேயே நிவந்தங்கள் ஏற்பட்டன. உத்தம சோழரின் தேவியர் பலரும், மாமியாரின் பெயரால் அமைந்த அந்தக் கோயிலுக்குத் தானம் வழங்கினார்கள். இராஜராஜரின் மைந்தரான முதல் இராஜேந்திரர் 1019-ஆம் ஆண்டில் அம்மையாருக்குத் திருமேனி எழுந்தருளச் செய்து வழிபாட்டுக்கும் வகைசெய்தார். இராஜேந்திரர் அவருடைய பேரரோ வழித்தோன்றலோ அல்லர்; அரசுரிமை எந்தக் கிளைக்குச் சென்றுவிட்டதோ அந்தக் கிளையின் கொழுந்து. அந்தக் கிளையும் அவரைத் தன் மூதாட்டியாகவே கொண்டாடிற்று என்றால், செம்பியன் மாதேவி என்ற பட்டம் ஒரு மன்னனின் மனைவி என்ற எல்லையைக் கடந்து, செம்பியர் குலம் முழுமைக்கும் தாய் என்ற பொருளை எய்திவிட்டது என்றுதானே கொள்ள வேண்டும்? நம் காலத்தில் கல்கி தம் ‘பொன்னியின் செல்வ’னில் அவரைப் பாத்திரமாக்கி உலவவிட்டதனால் வீடுதோறும் அந்தப் பெயர் அறிமுகமாகியிருக்கிறது. கதையின் வழியே அறிந்தவர்கள் கல்வெட்டின் வழியேயும் அவரை அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

அன்பர்களே, நிறைவாக ஒரு விண்ணப்பம். நம் ஊர்களில் திருப்பணி என்ற பெயரால் பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் பூசுகிறோம். தரையை உயர்த்தி அடித்தளத்து எழுத்துகளைப் புதைக்கிறோம். கல்வெட்டுள்ள கற்களைப் பெயர்த்துப் படிக்கல்லாகப் போடுகிறோம். பக்தியினால் செய்கிறோம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அறியாமையும் அதனோடு கலந்திருக்கிறது. திருப்பணிக்கு இலக்கணம் வகுத்த மாதரசி, ஒரு கல்லைப் பிரிப்பதற்கு முன் அதிலிருந்த எழுத்தைப் படியெடுக்க வைத்தார். உங்கள் ஊர்க் கோயிலில் குடமுழுக்குக்கு ஏற்பாடு நடக்கும்போது, வேலை தொடங்குமுன் கல்வெட்டு அறிந்தவர்களை அழைத்து, சுவரிலும் தூணிலும் படியிலும் உள்ள எழுத்துகள் அனைத்தையும் மைப்படி எடுத்து வைக்குமாறு அறங்காவலர்களிடம் வலியுறுத்துங்கள். பெயர்த்துத்தான் ஆகவேண்டிய கல்லை எழுத்து வெளியே தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவரை அழைத்துச் சென்று தம் ஊரின் ஒரு கல்வெட்டையாவது எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழக்குங்கள். செம்பியன் மாதேவியாரை நாம் போற்றுவதற்கு அவர் காட்டிய வழியில் நடப்பதைவிடச் சிறந்த முறை வேறொன்றும் இல்லை.